பதினோராம் வகுப்பு வாயிலிலே தமிழைக் கைவிடுவதா?

(பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய மாணாக்கர்க்கும் அவர்தம் பெற்றோர்க்குமாகத் தமிழ்மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மன்றத்தில் இதுவரை சொல்லாராய்ச்சி பற்றியும் இலக்கணம் பற்றியுமே நான் பேசி வந்திருக்கின்றேன். இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவில் பிள்ளையைச் சேர்ப்பது என்பதே அது. “இதற்குத் தமிழாசிரியர் எதற்கு? வழிகாட்டும் வல்லுநர் தெருவுக்கு ஒருவர் இருக்கின்றாரே!” என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கின்றனர். எந்தக் கல்லூரியில் எவ்வளவு பணம் கட்டினால் எந்த இடம் கிடைக்கும் என்று அவர்கள் விரல்விட்டுச் சொல்வர். ஆனால் அவர்கள் சொல்லாது விடுவது ஒன்றுண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் இந்த வாயில் எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். 1978ஆம் ஆண்டுக்கு முன்னர்த் தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வி பதினோராண்டாக இருந்தது. அதனை முடித்தவன் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்று, அதன்பின் பட்ட வகுப்பில் ஏறினான். 1978இல் புகுமுக வகுப்பு கல்லூரியினின்று நீங்கி, ஈராண்டு மேனிலைக் கல்வியாகப் பள்ளிக்கே வந்தது. நல்ல மாற்றமே. சிற்றூர்ப் பிள்ளை நெடுந்தொலைவு சென்று விடுதியில் தங்காமல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க முடிந்தது. ஆனால் கல்லூரி வாயிலில் நின்று எடுக்க வேண்டியிருந்த முடிவு, ஓராண்டு முந்திப் பதினைந்து அகவைப் பிள்ளையின் தலையில் வந்து அமர்ந்தது. பதினைந்து அகவைப் பிள்ளைக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று கூறிப் பெற்றோர் எடுக்கின்றனர். பெற்றோர்க்கும் தெரியாமையால் பக்கத்து வீட்டார் எடுக்கின்றனர். பக்கத்து வீட்டாருக்கு யார் சொன்னாரோ, யாரறிவார்!

பாடப்பிரிவுகளுக்கு நம் மக்கள் இட்டிருக்கும் பெயர்களைக் கேளுங்கள். முதல் குரூப்பு, இரண்டாம் குரூப்பு, மூன்றாம் குரூப்பு! மக்களை மேலோர் கீழோர் என்று அடுக்கி வைத்துக் கெட்ட நாடு இது. அந்நோய் பாடங்களையும் விட்டபாடில்லை. கணக்கும் இயற்பியலும் வேதியியலும் மேற்குலம். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் இடைக்குலம். வரலாறும் பொருளியலும் கடைக்குலம். தொழிற்கல்வியோ ஊருக்குப் புறத்தே! மதிப்பெண் மிகுந்தவன் மேற்குலத்தில் பிறக்கின்றான்; குறைந்தவன் கடைக்குலத்தில் தள்ளப்படுகின்றான். வரலாற்றில் நாட்டமுள்ள பிள்ளை 480 மதிப்பெண் எடுத்துவிட்டால் அவனுக்கு வரலாறு படிக்கும் உரிமை பறிபோகின்றது. “இவ்வளவு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு வரலாறா?” என்று தலைமையாசிரியரே வியக்கின்றார்.

இனி, எந்தப் பிரிவு எந்த வாயிலைத் திறக்கும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். பொறியியல் கற்க விரும்புவோர்க்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் வேண்டும். மருத்துவத்திற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். உயிரியலுக்கு ஈடாக நிலைத்திணையியலும் விலங்கியலும் கொள்ளலாம். இரண்டு வாயிலையும் திறந்து வைத்திருக்க எண்ணுவோர் கணக்கையும் உயிரியலையும் சேர்த்து எடுப்பர். சுமை மிகுதி என்பதை மட்டும் முன்னரே அறிந்துகொள்ளல் வேண்டும். ஐந்தாண்டுச் சட்டக் கல்விக்கு எந்தப் பிரிவும் ஆகும். பட்டயக் கணக்கர் தேர்வுக்கும் எந்தப் பிரிவும் ஆகும். எனினும் வணிகவியல் பயின்றவனுக்கு முதற்படி எளிதாக இருக்கும். இந்திய ஆட்சிப்பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். முதலிரண்டு பிரிவில் இடங்கிடைக்காவிடில் வாழ்வே இருண்டது என்று அழும் தாய்மார் இவற்றை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன்.

பிள்ளையின் நாட்டத்தை எவ்வாறு அறிவது என்று கேட்பீர்கள். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து அறிய முடியாது. விடுமுறை நாளில் ஏவாமலே அவன் எதைச் செய்கின்றான் என்று பாருங்கள். பழுதுபட்ட நீரேற்றியைப் பிரித்துப் பார்ப்பவன், கடைக்கணக்கை விரும்பி எழுதுபவன், ஆட்டுக்குட்டிக்கு நோய் வந்தால் இரவெல்லாம் விழித்திருப்பவன், செய்தித்தாளின் அரசியற் பக்கத்தைக் கீழே வைக்காதவன் என எல்லா வகையினரும் நம் வீடுகளில் உளர். பெண்மக்கள் திறத்தில் இக்குருட்டுத்தனம் இன்னும் கொடிது. இயற்பியலில் தேர்ந்த பெண்ணை, வீட்டருகே உள்ள பள்ளியில் அப்பிரிவு இல்லையென்ற ஒன்றற்காகவே வேறு பிரிவில் சேர்க்கின்றனர். இரண்டு கல் தொலைவுப் பேருந்துச் செலவுக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கை திசை மாறுவதை எத்தனை முறை கண்டிருக்கின்றேன்!

இவையெல்லாம் வல்லுநரும் சொல்லக்கூடியன. அவர் சொல்லாததற்கு வருகின்றேன்.

மேனிலைக் கல்வியில் பகுதி ஒன்று மொழிப்பாடம். பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்று நான் மேலே கூறிய விருப்பப்பாடங்கள். சேர்க்கைப் படிவத்தில் பகுதி மூன்றைப் பற்றி ஒரு திங்கள் முழுதும் குடும்பமே கூடி ஆராய்கின்றது. பகுதி ஒன்றுக்கு ஒரு நொடியும் இல்லை. ஆங்குத்தான் தமிழ் கொலையுண்ணுகின்றது.

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தை அறிவீர்கள். அதன்படி அவ்வாண்டு முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. பத்தாம் வகுப்போடு அச்சட்டத்தின் கை நின்றுவிடுகின்றது. பதினோராம் வகுப்பில் பகுதி ஒன்றுக்குப் பிரெஞ்சு எடுக்கலாம், சமற்கிருதம் எடுக்கலாம், வேறு மொழியும் எடுக்கலாம். பத்தாண்டு தமிழ் படித்த தமிழ்ப்பிள்ளை, பதினோராம் ஆண்டில் பிரெஞ்சு நெடுங்கணக்கைத் தொடங்குகின்றான். ஏன்? பிரான்சு நாட்டின்மீது கொண்ட காதலாலா? அன்று. தமிழில் நூற்றுக்கு நூறு வாராதாம், பிரெஞ்சில் வருமாம். புதிதாய்த் தொடங்குவார்க்கு எளிய பாடமும் எளிய வினாவும் அமையும் என்பது பெற்றோர் போடும் கணக்கு. சில பள்ளிகள் தாமே பெற்றோரை அழைத்து இதனைச் சொல்லிக் கொடுக்கின்றன. தம் பள்ளியின் மொத்த மதிப்பெண்ணை விளம்பரத் தட்டியில் ஏற்றுவதே அவர்க்கு வேண்டுவது.

அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். உணர்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டு, பெற்றோர் பேசும் மதிப்பெண் மொழியிலேயே பேசுகின்றேன். மேனிலைத் தேர்வு இன்று 600 மதிப்பெண்ணுக்கு. அதில் மொழிக்கு 100. பொறியியல் சேர்க்கைக்கு எதை எண்ணுகின்றனர்? கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. அந்த இருநூற்றில் மொழிப்பாடத்திற்கு ஓர் எண்ணும் இல்லை. மருத்துவத்திற்கோ 2017 முதல் நடுவணரசின் ‘நீட்’ என்னும் நுழைவுத்தேர்வே அளவுகோலாகத் திணிக்கப்பட்டுவிட்டது. அங்கும் மொழிப்பாட மதிப்பெண்ணுக்கு இடமில்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலோ, இளங்கலைத் தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணையும் இளங்கலை ஆங்கிலத்திற்கு ஆங்கில மதிப்பெண்ணையும் நோக்குவர்; ஏனைப் பட்டங்களுக்கு விருப்பப்பாடங்கள் நான்கின் 400 மதிப்பெண்ணே தரவரிசைக்குரியது.

இப்பொழுது சொல்லுங்கள், பிரெஞ்சில் எடுத்த அந்த நூறு எங்கே போயிற்று? பொறியியலில் அதற்கு இடமில்லை, மருத்துவத்தில் இல்லை, அரசுக் கல்லூரித் தரவரிசையில் இல்லை. பள்ளியின் விளம்பரத் தட்டியில் மட்டும் அஃது இருக்கின்றது! பள்ளியின் பெருமைக்காகப் பிள்ளையின் தாய்மொழியை விற்றுவிட்டு, நம் பிள்ளைக்கு ஏதோ பெரும்பேறு வாங்கிவந்ததாக மகிழ்கின்றோம்.

இழப்பு அம்மட்டில் நிற்குமா? 2021 திசம்பரில் தமிழ்நாட்டரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயம். அதில் நூற்றுக்கு 40 விழுக்காடேனும் பெறல் வேண்டும். நான்காந் தொகுதித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். சிற்றூர் நிருவாக அலுவலர், இளநிலை உதவியாளர் முதலிய பணிகளுக்கு நூறாயிரக்கணக்கானோர் எழுதும் தேர்வு அது. அதில் தமிழுக்கு 100 வினா, 150 மதிப்பெண். அறுபது எடாதவனின் ஏனை விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். முதல் தொகுதி, இரண்டாந் தொகுதித் தேர்வுகளிலும் தமிழ்த் தகுதித்தாள் உண்டு. நடுவணரசின் ஆட்சிப்பணித் தேர்விலும் இந்திய அரசியல் சட்டத்தின் எட்டாம் பட்டியலில் உள்ள மொழியொன்றில் தகுதித்தாள் எழுதித் தேற வேண்டும். அப்பட்டியலில் பிரெஞ்சுக்கு இடமில்லை. பதினைந்து அகவையில் தமிழை விட்டவன் இருபத்திரண்டு அகவையில் பயிற்சி நிலையத்தில் பணங்கட்டி, ஒருமை பன்மையும் வல்லெழுத்து மிகுதலும் படிக்க வருகின்றான். அப்படி வந்தவர் சிலர்க்கு நானே மாலை வேளையில் பாடஞ் சொல்லியிருக்கின்றேன். பொறியியற் பட்டம் பெற்ற ஓர் இளைஞன், ‘ண, ந, ன’ மூன்றுக்கும் வேறுபாடு கேட்டு உட்கார்ந்திருந்தான். அறிவில் குறைந்தவனல்லன், மிக விரைவில் கற்றான். பள்ளியில் இருந்திருந்தால் விலையின்றிக் கிடைத்திருக்கும் ஒன்றை விலைகொடுத்து வாங்கினான், அவ்வளவே.

சித்த மருத்துவம் கற்கச் செல்வாரும் இக்கூட்டத்தில் இருக்கலாம். சித்தர் நூல்கள் செய்யுளில், தமிழில் உள்ளன. மேனிலைப் பள்ளியில் தமிழைத் தள்ளிவிட்டுச் சித்த மருத்துவக் கல்லூரியில் புகுந்து அச்செய்யுளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நகைப்பும் நம் நாட்டில்தான் நடக்கும்.

பிற மொழி கற்கவே கூடாதா என்று ஒருவர் கேட்கலாம். யார் சொன்னார்? மறைமலையடிகள் ஆங்கிலமும் சமற்கிருதமும் ஆழக் கற்றவர், சாகுந்தலத்தைத் தமிழாக்கியவர். பாவாணர் பன்மொழி பயின்றவர். பன்மொழி பயின்றதனாலேயே தமிழின் வேர்ச்சொல் வளத்தை உலகிற்குக் காட்ட முடிந்தது. பிரெஞ்சு கற்க விரும்பும் பிள்ளை தாராளமாகக் கற்கட்டும். மாலை வகுப்பில் கற்கட்டும். பிரான்சுக்கே போய்க் கற்கட்டும். தமிழ் இருந்த நாற்காலியில் அதனை அமர்த்த வேண்டா என்பதே என் வேண்டுகோள்.

அடுத்தது பயிற்றுமொழி. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்த பிள்ளையைப் பதினோராம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றுவது இன்று தொற்றுநோய் போல் பரவியுள்ளது. அரசுப் பள்ளியிலிருந்தே பிடுங்கித் தனியார் பள்ளியில் நடுவோரும் பலர். மாற்றும் முன் எதை இழக்கின்றோம் என்பதை அறிந்து மாற்றுகின்றார்களா?

தமிழ்வழி பயின்றோர்க்கு அரசுப் பணியிடங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்டது. பணிக்குரிய கல்வித்தகுதி எதுவோ, அதுவரை பள்ளி தொடங்கித் தமிழ்வழியிலேயே படித்திருத்தல் வேண்டும் என்பது திருத்தத்தின் சாரம். பத்தாம் வகுப்பே தகுதியாகவுள்ள பணிகளில், பின்னர் வழி மாறியவனுக்கு இழப்பில்லை. பட்டம் தகுதியாகவுள்ள பணிகளிலோ, இடையில் ஈராண்டு ஆங்கில வழியில் போய்வந்தவன் அவ்வுரிமையை முற்றும் இழக்கின்றான். துணை ஆட்சியர் பணியும் அவ்வகையில் அடங்கும் என்பதை நினைவிற் கொள்க. வரலாறு, பொருளியல், கணக்கு, இயற்பியல் முதலியவற்றைப் பட்ட வகுப்பிலும் தமிழ்வழி கற்பிக்கும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. தொடர்ந்து செல்ல வழியுண்டு. நடுவில் நாமே பாலத்தை இடித்துவிடுகின்றோம்.

பள்ளி மாற்றத்திற்கும் இதுவே பொருந்தும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காட்டு உள்ளொதுக்கீட்டை 2020ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. ஐந்தாண்டு அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, நுழைவுத்தேர்வுப் பயிற்சி தருவதாகச் சொல்லும் தனியார் பள்ளிக்கு நூறாயிரம் உருபா கட்டி இறுதி ஈராண்டுக்கு மாற்றினால், அந்த உள்ளொதுக்கீடு அன்றே போயிற்று. உழவரும் கூலியாளரும் நகையை அடகு வைத்து இதனைச் செய்கின்றனரே, அதுதான் நெஞ்சைச் சுடுகின்றது. பணமும் கொடுத்து, உரிமையும் கொடுத்து வருகின்றனர்.

அத்தகைய பள்ளிகளில் நடப்பது இன்னொன்று. பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஈராண்டும் உருப்போடச் செய்வது. இதனைத் தடுக்கவே பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்கப்பட்டு 2018 முதல் நடந்தது. 2025இல் அத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் சுமை குறையுமென்பது அரசின் கரணியம், மறுப்பதற்கில்லை. ஆயினும் பழைய களவு திரும்பாமல் காக்கும் பொறுப்பு இனிப் பெற்றோரிடம் உள்ளது. பதினோராம் வகுப்புப் பொத்தகம் பள்ளியில் திறக்கப்படுகின்றதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். கல்லூரி முதலாண்டில் தடுமாறும் பிள்ளைகளிற் பலர்க்கு ஆங்கிலம் தெரியாமை நோயன்று. பதினோராம் வகுப்புப் பாடம் தெரியாமையே நோய்.

இதுகாறும் உரிமையும் மதிப்பெண்ணும் பேசினேன். அவற்றைக் காட்டிலும் பெரிது அறிவு. ஆசிரியன் என்ற முறையில் எனக்குப் பேச விருப்பமானதும் இதுவே.

முன்னொரு காலத்தில் நம் பாடநூல்களில் பௌதிகம், இரசாயனம், பூகோளம், சரித்திரம் என்றிருந்தன. அவற்றைப் படித்த சிற்றூர்ப் பிள்ளைக்கு ஆங்கிலமும் புரியவில்லை, அந்தத் ‘தமிழும்’ புரியவில்லை. தனித்தமிழ் உணர்வு பாடநூலுள் புகுந்த பின்னரே இயற்பியல், வேதியியல், வரலாறு என்ற பெயர்கள் வந்தன. பெயர் மட்டுமா வந்தது? விசை, உந்தம், நிலைமம், முடுக்கம் என்ற சொற்களை எண்ணிப் பாருங்கள். மாட்டை முடுக்கி ஓட்டிய உழவன் மகனுக்கு முடுக்கம் என்றால் என்னவென்று விளக்க வேண்டுமா? விரைவு மிகுவதே முடுக்கம் என்று சொல்லே சொல்லிவிடுகின்றது. நிலைத்த பொருள் நிலைத்தே இருக்க முனைவது நிலைமம். ஒளியைச் சேர்த்து உணவாக்குவது ஒளிச்சேர்க்கை. இச்சொற்களின் ஆங்கில வடிவங்கள் கிரேக்க இலத்தீன் வேர்களிலிருந்து வந்தவை; நம் பிள்ளைக்கு அவை வெறும் ஓசை. ஓசையை உருப்போட்டவன் தேர்வெழுதுவான். பொருளை உணர்ந்தவன் வினா எழுப்புவான்.

கணக்குப்பதிவியல் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. பற்று, வரவு, பேரேடு, குறிப்பேடு, இருப்பு, தேய்மானம் ஆகிய இவற்றில் எந்தச் சொல் நம் கடைத்தெருவில் வழங்காதது? நாட்டுக்கோட்டை நகரத்தார் பருமாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் நடத்தியபோது பேரேடும் ஐந்தொகையும் தமிழில்தான் எழுதினர். கடல்கடந்த கொடுக்கல் வாங்கலைத் தமிழில் எழுதிக் கணக்கு முடித்தவன் பேரன், ‘பற்று’ என்பதை ‘டெபிட்’ என்று சொன்னால்தான் வேலை கிடைக்கும் என்று நடுங்குகின்றான். வணிகவியல் எடுக்கவிருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கின்றேன்: பாடத்தைத் தமிழில் படித்துவிட்டு, ஊர்க் கடைக்காரர் ஒருவரின் பேரேட்டைக் கேட்டுப் பாருங்கள். வகுப்பறையில் ஒரு திங்களில் விளங்காதது ஒரு மாலையில் விளங்கும்.

“ஐயா, பள்ளியில் தமிழில் படித்தால் கல்லூரியில் ஆங்கிலத்தில் எவ்வாறு ஈடுகொடுப்பது?” இவ்வினாவை நான் புறந்தள்ள மாட்டேன். முதலாண்டு இடர்ப்பாடு உண்மை. அதனை மறைத்துப் பேசுவது பிள்ளைக்குச் செய்யும் வஞ்சனை. ஆனால் மருந்து வழிமாற்றம் அன்று. பகுதி இரண்டில் ஆங்கிலம் இருக்கின்றதன்றோ? அதனை ஒரு மொழியாக, முறையாக, பிழையறக் கற்க. இயற்பியல் தமிழில் படிக்கும்போதே ஒரு தனிக் குறிப்பேட்டில் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் நேரே ஆங்கிலச் சொல்லை எழுதிவருக. நாளொன்றுக்கு நான்கு சொல் எழுதினால் போதும். ஈராண்டில் ஈராயிரத்தைத் தாண்டும். கருத்துத் தெளிந்தவனுக்குப் பெயர் மாற்றம் சில திங்கள் வேலை. கருத்தே தெளியாதவனுக்கு எம்மொழியும் துணைசெய்யாது.

ஈழத்தைப் பாருங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன் மானிப்பாயில் இருந்து மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் கையாண்ட கலைச்சொற்களில் வடசொல் மிகுதி என்பது உண்மைதான். அக்காலத்து எழுத்துநடை அது. இன்றும் ஈழத்து மாணாக்கர் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் உயர்தரத் தேர்வில் தமிழிலேயே எழுதி, அதன்பின் மருத்துவம் கற்கச் செல்கின்றனர். மருத்துவராகவில்லையா? உலக நாடுகளெல்லாம் சென்று பணியாற்றவில்லையா?

தமிழ்நாட்டிலும் அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. பதினைந்தாண்டு கடந்தும் அது கிளைத்துப் பெருகவில்லை. விதையிட்டவர் நீர் ஊற்றவில்லை என்பது என் கருத்து. பிள்ளைகள் சேரவில்லை என்று அரசு சொல்லும். நூலும் வேலையும் இல்லை என்று பிள்ளைகள் சொல்வர். இவ்விரண்டுக்கும் நடுவே நம் போன்ற இயக்கத்தார் என்ன செய்தோம் என்பதும் கேட்கப்பட வேண்டிய வினாவே. கூட்டத்தில் கைதட்டுகின்றோம், நம் பிள்ளையை எந்த வழியில் சேர்த்திருக்கின்றோம் என்று கேட்டால் கைதட்டல் நின்றுவிடுகின்றது. சினங்கொள்ள வேண்டா, நம்முள் பேசிக்கொள்ள வேண்டியதைப் பேசுகின்றேன்.

தொழிற்கல்விப் பிரிவு பற்றிச் சில சொல். வேளாண் அறிவியல், செவிலியம், மின்பொறியியல், இயந்திரப் பொறியியல், நெசவியல் என்று பல உண்டு. இவற்றில் பயின்றோர் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியற் கல்லூரியிலும் அவர்க்கென இடமொதுக்கீடு உண்டு. கையால் வேலை செய்வது இழிவு என்னும் எண்ணம் தமிழனுடையதன்று. தச்சனும் கொல்லனும் கட்டிய கோயிலைத்தான் தமிழன் பெருமை என்று உலகுக்குக் காட்டுகின்றோம்.

கலைப்பிரிவு எடுப்போர்க்கு ஒரு தனிச்செய்தி. பகுதி மூன்றில் ‘சிறப்புத் தமிழ்’ என்றொரு விருப்பப்பாடம் உண்டு. இப்பாடம் இருப்பதே பல பெற்றோர்க்குத் தெரியாது. நடத்தும் பள்ளிகளும் சிலவே. வரலாறு, பொருளியலோடு இதனையும் எடுத்த பிள்ளைக்குத் தேர்வாணையத் தேர்வுகளின் தமிழ்ப்பகுதி விளையாட்டாகிவிடும். ஆட்சிப்பணித் தேர்வில் தமிழிலக்கியத்தை விருப்பப்பாடமாகக் கொண்டு, விடைகளைத் தமிழில் எழுதவும் விதி இடந்தருகின்றது. உங்கள் ஊர்ப் பள்ளியில் இப்பாடம் இல்லையேல், பத்துப் பெற்றோர் ஒன்றாகச் சேர்ந்து தலைமையாசிரியரிடம் எழுத்து வடிவில் கேளுங்கள். தனியே போனால் விடையிராது. பத்துப்பேர் கையொப்பமிட்ட தாளுக்கு விடை எழுதியே ஆகவேண்டும்.

நேரம் மிகுந்துவிட்டது. தேர்வு முடிவு வந்த மறுநாளே படிவம் தருவார்கள். அதனைப் பள்ளியிலேயே நின்று நிரப்பாமல் வீட்டுக்கு வாங்கி வாருங்கள். அதில் மூன்று கட்டங்களைப் பிள்ளையின் கையாலேயே நிரப்பச் செய்யுங்கள். பகுதி ஒன்று என்னுமிடத்தில் ‘தமிழ்’ என்று இருக்கின்றதா, பயிற்றுமொழி என்னுமிடத்தில் என்ன இருக்கின்றது, பகுதி மூன்றில் இருப்பது பிள்ளை விரும்பியதா என்று பாருங்கள். சில பள்ளிகளில் அலுவலக எழுத்தரே முதலிரண்டையும் நிரப்பிவிட்டுக் கையொப்பம் மட்டும் கேட்பார். அங்கே கையொப்பமிட வேண்டா. தமிழ் எடுத்தால் இடமில்லை என்று எவரேனும் சொன்னால், அதனை எழுதித் தருமாறு கேளுங்கள், தரமாட்டார்கள். அப்படி நேர்ந்தால் இம்மன்றத்தில் வந்து சொல்லுங்கள், உடன்வர நாங்கள் நால்வர் இருக்கின்றோம்.

ஐயமுடையோர் இப்பொழுது வினவலாம். முன்வரிசையில் இருக்கும் பெண்பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.